நெற்றியில் ஒரு மண், காதில் ஒரு மண்

ஏழு மலைகளின் மேல் நின்ற திருக்கோலத்தில் நின்றபடி, கீழே அடியார்கள் உன் பெயரைச் சொல்லிச் செய்கிறவற்றையெல்லாம் ஒரு வார்த்தையும் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும் பெருமானே! இந்தக் கட்டுரையில் சொற்பிழையும் பொருட்பிழையும் நேராதபடி காத்தருள வேண்டும். செவிப்பிழையிலிருந்து காக்கும்படி வேண்டிக்கொள்ள மாட்டேன். அது நேர்ந்து முடிந்துவிட்டது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று புரட்டாசித் திருவோணம், மலையப்பனின் திருநட்சத்திரம். மேலே தீர்த்தவாரி நடந்துகொண்டிருக்கும். கீழே, திருப்பதியில் எங்கள் தெருவில், தேநீர்க்கடைக்காரர் முதல் வங்கி மேலாளர் வரை எல்லார் நெற்றியிலும் நாமம் துலங்குகிறது. தொடங்கிய காரியம் குறைவின்றி முடிய இதைவிட நல்ல நாள் வாய்க்காது.

நான் சித்தூரில் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது திருப்பதியில் மகன் வாங்கிய அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறேன். அந்தக் கட்டடத்தின் தரைத்தளத்தில், வண்டிகள் நிறுத்துமிடத்தில், காலைதோறும் நாங்கள் சிலர் கூடிப் பாசுரங்கள் சேவிப்பது வழக்கம். ஒரு பக்கம் மின்சார ஸ்கூட்டர்கள் சுவரிலிருந்து மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கும். மறுபக்கம் நாங்கள் தமிழமுதம் பருகிக்கொண்டிருப்போம். இரு தரப்பும் ஒன்றையொன்று தொந்தரவு செய்வதில்லை. எங்கள் கோஷ்டிக்குத் தலைவர் பாகாலா சந்திப்பில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு. பச்சைக் கொடி காட்டாத குறையாகத்தான் ஒவ்வொரு நாளும் பாசுரத்தைத் தொடங்கிவைப்பார்.

சென்ற ஆண்டு மார்கழியில் என் செவி மந்தமாயிற்று. மற்றவர்கள் ஒரு பாசுரத்தை முடித்து அடுத்ததற்குப் போன பிறகும் நான் பழையதிலேயே நின்று உருகிக்கொண்டிருப்பேன். என் உருக்கத்தைப் பக்தி முதிர்ச்சி என்று சிலர் எண்ணியிருந்தார்கள். கார்டு அப்படி எண்ணவில்லை.

"சாமி, நாங்க அடுத்த ஸ்டேஷன் போய் சேந்துட்டோம். நீங்க இன்னும் பாகாலாவிலேயே நின்னுக்கினு இருக்கீங்க" என்றார் ஒரு நாள், எல்லார் முன்னிலையிலும்.

அன்று மாலையே என் மகன் காதுக்கருவி ஒன்றை வாங்கி வந்தான். வேர்க்கடலைப் பருப்பு அளவில் இருந்தது. அதைச் செவியில் பொருத்திக்கொண்டதும் உலகம் திரும்பி வந்தது. அண்டை வீட்டுக் குக்கரின் விசில், மாடிப்படியில் மருமகள் யாரிடமோ என்னைப் பற்றிப் பேசுவது, மின்விசிறியின் முனகல் எல்லாம் வந்தன. ஆனால் அந்தக் கருவிக்கு ஒரு குணம் இருந்தது. எவர் பேசினாலும் முதலெழுத்தைத் தனக்குக் காணிக்கையாக எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மட்டுமே எனக்கு அனுப்பும். அந்த முதலெழுத்தை நானே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

நிரப்புவது எனக்குக் கடினமாக இல்லை. திருமலை, திருவடி, திருநாள், திருமஞ்சனம், திருக்கல்யாணம் என்று வாழ்ந்தவனுக்குத் தலையில்லாத சொல் எது வந்தாலும் 'திரு' தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். இப்படிக் கேட்பதில் ஒரு வசதி இருந்தது. உலகம் முழுவதும் எனக்கு மங்களகரமாகவே கேட்டது.

இந்த நிலையில்தான் மாசி மாதத்தில் ஒரு நாள் என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள்.

தங்கையை இங்கே அறிமுகப்படுத்தியாக வேண்டும். வெதுருகுப்பத்துக்குச் சற்று உள்ளே தள்ளி அவளுக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. அவள் கணவர் காலமான பிறகு அதைத் தனியாகவே பார்த்துக்கொள்கிறாள். தோப்பின் பின்புறம் வெள்ளை வெளேரென்று ஒரு சிறு குன்று. எங்கள் தந்தை, நைனா, உயிரோடிருந்தவரை நாமத்துக்கு வேண்டிய திருமண்ணை அதிலிருந்துதான் கொண்டுவந்து குழைத்துக் காயவைப்பார். இன்றும் நான் இட்டுக்கொள்வது அந்த மண்தான். குன்றின் அடியில் ஓர் ஆழ்துளைக் கிணறு. அதை அவள் 'போரு' என்பாள். தோப்பின் உயிர் அதில் இருக்கிறது. மாசியில் பூ உதிர்ந்து பிஞ்சு பிடிக்கும். அப்போது தண்ணீர் தவறினால் பிஞ்சு நிற்காது. ஆகையால் அந்தப் பருவத்தில் என் தங்கைக்கு அந்தக் கிணறு தவிர வேறு பேச்சு இராது. பெருமாளே நேரில் வந்தாலும் மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் வணங்குவாள்.

"அண்ணே, கேக்குதா? நம்ம மேட்டுல அருமண்ணு கீதாம்! கவர்மெண்டு மேடம் ஒருத்தங்க வந்துக்கினு போய்க்கினு இருக்காங்க. வர்ற வியாழக்கிழமை மிஷினு வருதாம். நீ வந்தே ஆவணும். உன் பஜனை ஆளுங்களையும் இட்டுக்கினு வா. வந்து நீ நாலு வார்த்தை பேசணும்" என்றாள்.

கருவி தன் காணிக்கையை எடுத்துக்கொண்டது. எனக்கு வந்து சேர்ந்தது 'ருமண்' மட்டுமே. மிச்சத்தை நான் நிரப்பினேன்.

"திருமண்ணா! பெருமான் இப்போதாவது கண் திறந்தாரே, அம்மா!" என்றேன்.

"அவரு கண்ணத் தொறக்கட்டும். என் போரை மூடாம இருந்தா சரி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். எதைப் பேசினாலும் கிணற்றில் கொண்டுபோய் முடிப்பது அவள் வழக்கம் என்பதால் அதை நான் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் காலை கோஷ்டியில் செய்தியைச் சொன்னேன். நைனா மண் எடுத்த குன்றை அரசாங்கமே திருமண் விளையும் இடம் என்று கண்டுகொண்டிருக்கிறது, ஆய்வுக்கு அதிகாரி வருகிறார், நாம் போய் முறைப்படி வரவேற்க வேண்டும் என்றேன். ஒருவருக்கும் ஐயம் எழவில்லை. விஞ்ஞானம் என்றாவது ஒருநாள் நம் வழிக்கு வந்துதான் ஆக வேண்டும் என்பது எங்கள் எல்லாருடைய நெடுநாள் எதிர்பார்ப்பு. அது எங்கள் தோப்பிலேயே வந்து இறங்கும் என்பதுதான் சற்று வியப்பாக இருந்தது. கார்டு ஒரு சால்வைக்கும் ரோஜா மாலைக்கும் ஏற்பாடு செய்தார்.

வியாழக்கிழமை வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு புறப்பட்டோம். ஓட்டுநர் தெலுங்கர், இளவயதினர், கைப்பேசியில் படம் எடுத்துப் போடுவதில் பெருவிருப்பம் உள்ளவர். மாலையையும் சால்வையையும் பார்த்துவிட்டு, "பெள்ளியா சாமி?" என்று கேட்டார். கல்யாணமா என்கிறார்.

"பெள்ளி காது. திருமண்" என்றார் கார்டு, கல்யாணம் இல்லை என்று தெலுங்கில்.

"திருமணம் அண்டே பெள்ளியே கதண்டி! எனக்கும் தமிழ் வச்சு" என்று ஓட்டுநர் சிரித்தார். திருமணம் என்றால் கல்யாணம்தானே, தமக்கும் தமிழ் தெரியும் என்கிறார்.

கார்டு தம் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "ஓஹோ, திருமணியா!" என்று ஓட்டுநர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தெலுங்கில் நாமத்துக்கான மண்ணுக்குத் திருமணி என்று பெயர். இந்த விளக்கத்தை அந்த இடத்தில் நாங்கள் கொடுக்காமல் இருந்திருந்தால், பின்னால் நடந்தவற்றில் பாதி நடந்திராது.

தோப்பில் நாங்கள் இறங்கியபோது கண்ட காட்சியை அப்போதே சரியாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். துளையிடும் இயந்திரம் ஏற்றிய லாரி ஒன்று மாமர நிழலில் நின்றது. கிணற்றுக்கு மிக அருகில் தரையில் சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். அந்தக் குறிக்கு நேர் மேலே என் தங்கை ஒரு கயிற்றுக்கட்டிலைப் போட்டு, தலையோடு காலாகப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். கட்டிலுக்கு அருகில், அகலத் தொப்பி அணிந்த நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர், கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவர்தான் தங்கை சொன்ன அரசாங்க அதிகாரி என்று ஊகித்தேன். தங்கைக்கு உடல்நலமில்லை போலும், நல்ல நாளில் இப்படி ஆயிற்றே என்று வருந்தினேன். ஆயினும் முகூர்த்தம் தவறக் கூடாது.

கார்டு தொடங்கிவைத்தார். கோஷ்டி முழங்கியது. நான் முன்னே சென்று அதிகாரியின் கழுத்தில் மாலையை இட்டேன். கார்டு சால்வையைப் போர்த்தினார். ஓட்டுநர் சுற்றிச் சுற்றி வந்து படம் பிடித்தார். அந்த அம்மையார் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார். இத்தனை ஆண்டு பணியில் கல்லெறியும் வசவும் பார்த்திருப்பாரே தவிர, பாசுரம் பார்த்திருக்க மாட்டார். "இந்தப் புண்ணிய பூமியில் திருமண்ணைத் தேடி வந்த தங்கள் திருக்கரங்கள்" என்று நான் உரையைத் தொடங்கினேன்.

போர்வை விலகியது.

"அண்ணே! நான் சண்டை போட ஆளு இட்டுக்கினு வான்னா, நீ கச்சேரி இட்டுக்கினு வந்துகிறியே!"

"என்னம்மா சொல்லுகிறாய்? திருமண்..."

"திருமண்ணு இல்லண்ணே, அருமண்ணு! அ! அம்மாவுக்கு வர்ற அ!" என்று என் காதருகில் வந்து கத்தினாள். தமிழ் கற்பித்தே காலம் கழித்த எனக்கு, உயிரெழுத்துகளில் முதல் எழுத்தை என் தங்கை மாந்தோப்பில் நிறுத்திக் கற்பித்தாள். கோஷ்டி பாதி அடியில் நின்றுவிட்டது. கார்டு முதலில் என்னைப் பார்த்தார், பிறகு மாலையைப் பார்த்தார். கழுத்தில் ஏறிய மாலையைத் திரும்பக் கேட்பதற்கு எங்கள் சம்பிரதாயத்தில் இடமில்லை.

அதிகாரிதான் விளக்கினார். அவர் அரக்கோணத்துக்காரர். நாள்தோறும் ரயிலில் திருப்பதியிலுள்ள அரசு ஆய்வுக்கூடத்துக்கு வந்து போகிறவர். அதனால் கார்டுக்கு உடனே அவர்மேல் மதிப்பு ஏற்பட்டது.

"ஐயா, அருமண்ணுன்றது ஒரு ஜாதி உலோகம். இந்த மாதிரி வெள்ளக் களிமண்ணுல சில எடத்துல ஒட்டிக்கினு இருக்கும். அதுலேர்ந்து பலமான காந்தம் செய்வாங்க. காத்தாடியில கரண்டு எடுக்கறாங்களே, அதுக்கு வேணும். மலைக்கு நீங்க போறீங்களே புகையில்லாத கரண்டு பஸ்ஸு, அந்த மாதிரி மோட்டாருக்கும் வேணும். நெலக்கரியும் டீசலும் போவணும்னா இது வந்தாவணும். அதான் ஊர் ஊரா தேடிக்கினு இருக்கோம்."

"தேடுங்கம்மா, யாரு வேணாம்னாங்க?" என்றாள் தங்கை கட்டிலிலிருந்து இறங்காமலே. "என் போரு வாயிலதான் தேடணுமா? அடியில பாறையில ஓட்டை போட்டா ஊத்து எந்தப் பக்கம் திரும்பும்னு உங்க மிஷினுக்குத் தெரியுமா? மரம் பூரா பிஞ்சு. இன்னும் மழைக்கு எவ்ளோ நாளு கீது!"

"பாறை மேல தெரியறது இங்கதான்மா. ஆபீஸ்ல இந்த எடத்ததான் குறிச்சுக் குடுத்துருக்காங்க."

"குறிச்சவர வரச் சொல்லு. அவருக்கும் ஒரு கட்டிலு போடறேன்."

இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. எங்கள் பக்கம் மட்டும் எந்த நியாயமும் இல்லை. மாலை வாங்கிய செலவுதான் இருந்தது. மலைக்குப் போகும் பேருந்தில் புகை நின்றதை மெச்சி, பெருமாளின் கருணை என்று கோஷ்டியில் நானே பேசியிருக்கிறேன். அந்தக் கருணைக்கு எங்கோ ஒருவர் தோப்பில் துளை போட வேண்டியிருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் மாலைக்கு ஒரு பலன் இருந்தது. அதிகாரி நெடுநேரம் நின்று யோசித்தார். கழுத்தில் ரோஜா கனத்தது போலும். "இவ்ளோ பெரியவங்க வந்து மாலை போட்டப்புறம், அத்தப் போட்டுக்கினே இந்த அம்மா கட்டிலத் தூக்கச் சொல்றதுக்கு எனக்கு வாய் வரல" என்றார். குன்றின் மேல்மண்ணை மட்டும் பைகளில் எடுத்துக்கொண்டு போவதாகவும், ஆய்வுக்கூடத்தில் அதைப் பார்த்து முடிவு வந்த பிறகே துளையைப் பற்றிப் பேசுவதாகவும் சொன்னார். லாரி திரும்பிப் போயிற்று.

"உன் செவுடு ஒரு நாளைக்கு உதவிச்சு" என்றாள் தங்கை. அதை ஆசியாகவே ஏற்றுக்கொண்டேன். புறப்படும்போது எங்களுக்கு மோர் கொடுத்தாள். எனக்கு மட்டும் இரண்டாம் முறை கொடுக்கவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஓட்டுநர் தம் படத்தை அன்றிரவே உலகத்துக்கு அளித்துவிட்டார். நாங்கள் முழங்குவது, அதிகாரி கைகூப்பி நிற்பது, பின்னால் வெண்குன்று ஒளிர்வது எல்லாம் அதில் அழகாக வந்திருந்தன. தங்கை கத்தியதை மட்டும் நீக்கிவிட்டு, அங்கே நாதஸ்வரம் சேர்த்திருந்தார். தலைப்பு: 'திருமணி குட்ட'.

தெலுங்கில் குட்ட என்றால் குன்று. திருமண் கிடைக்கும் குன்று என்று பொருள். தெலுங்கர்களுக்கு அது சரியாகவே புரிந்தது. அந்தச் சனிக்கிழமை பூதலப்பட்டுப் பக்கமிருந்தும் பாகாலாப் பக்கமிருந்தும் வந்தார்கள், குன்றை வணங்கினார்கள், ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் பை மண்ணைச் சுரண்டி எடுத்துக்கொண்டு போனார்கள். அரசாங்கம் கைப்பிடி அளவு மண்ணுக்கு அனுமதி வாங்க மாதக்கணக்கில் அலைந்தது. பக்தர்களுக்கு அந்த அலைச்சல் இல்லை.

அடுத்த சனிக்கிழமை தமிழர்கள் வந்தார்கள். தமிழில் குட்டை என்றால் என்ன என்பது தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ரீசிட்டி ஆலைகளிலும் திருப்பதியிலும் வேலைக்கு வந்திருக்கும் நம்மவர்கள் அந்தத் தலைப்பைக் கேட்டதும், திருமணிக் குட்டை என்றொரு புனிதத் தீர்த்தம் வெதுருகுப்பத்துப் பக்கம் தோன்றியிருப்பதாக முடிவு செய்தார்கள். குடும்பத்தோடு வந்தார்கள். துண்டும் மாற்றுத்துணியும் கொண்டுவந்தார்கள். குன்றைச் சுற்றி வந்து குட்டையைத் தேடினார்கள். இல்லாத குட்டைக்குப் பதிலாக, கிணற்றை ஒட்டி என் தங்கை கட்டி வைத்திருந்த சிமெண்டுத் தொட்டி அவர்கள் கண்ணில் பட்டது. மரங்களுக்குப் பாய்ச்சுவதற்காக அதில் தண்ணீர் நிறைந்திருந்தது.

"அண்ணே," என்றாள் தங்கை தொலைபேசியில். இம்முறை ஒவ்வோர் எழுத்தையும் நிறுத்தி உரக்கச் சொன்னாள். "தொட்டியில எறங்கிக் குளிச்சிக்கினு இருக்காங்க. மோட்டாரு போடு, தீர்த்தம் கொறைஞ்சு போச்சுன்னு என்னையே கேக்கறாங்க. உன் மாலைய எட்த்துக்கினு ஓடியா."

ஓடினேன். எழுபதைக் கடந்தவன் எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு. தொட்டியில் முழுகி எழுந்து தலை துவட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் பொறுமையாக எடுத்துரைத்தேன்.

"அப்பா, இது குட்டை இல்லை. தெலுங்கில் குட்ட என்றால் குன்று. பிழையாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள்."

"அப்ப இந்தத் தண்ணி?"

"மாமரத்துக்கு வைத்த தண்ணீர்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தாத்தா, நெத்தி நெறைய இவ்ளோ பெரிய நாமம் போட்டுக்கினு நீங்களே இப்படிப் பேசலாமா?" என்றார். அவர் மனைவி, "உடு, வயசானவரு. எல்லாரும் வந்துட்டா அவங்களுக்கு எடம் இருக்காதுன்னு சொல்றாரு" என்று சமாதானம் செய்தார்.

தங்கையின் வேண்டுகோளின்படி ஒரு பலகை எழுதி நட்டேன். 'இங்கே குளம் இல்லை' என்று தெளிந்த தமிழில், சந்திப்பிழை இல்லாமல் எழுதினேன். மறுவாரம் அந்தப் பலகைக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத தீர்த்தம் என்று பேச்சாகிவிட்டது.

பங்குனி போய்ச் சித்திரை வந்தது. வெயில் ஏறியது. தொட்டி நிறைவதற்குள் காலியாயிற்று. என் தங்கை விடியற்காலையில் யாரும் வருவதற்கு முன் மரங்களுக்குப் பாய்ச்சப் பார்த்தாள். புண்ணிய நீராடலுக்கும் அதுவே உகந்த வேளை என்று சாத்திரம் சொல்லுகிறதே. ஒரு நாள் நான் அங்கிருந்தபோது மோட்டாரைப் போட்டாள். குழாய் தண்ணீர் தரவில்லை. இருமியது. காற்றாகத் துப்பியது. பிறகு கலங்கலாகக் கொஞ்சம் வந்தது. அவள் குழாயின் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள், காய்ச்சல்காரரின் நெற்றியில் வைப்பதுபோல. மரத்தடியில் பிஞ்சுகள் உதிர்ந்து கிடந்தன. நெல்லிக்காய் அளவு வந்துவிட்ட பெங்களூரா மாங்காய்கள். என்னைத் திட்டாமல் அவள் மௌனமாக நின்ற ஒரே நாள் அதுதான். அன்று என் காதுக்கருவி சரியாக வேலை செய்தது என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். உதிர்கிற பிஞ்சு தரையைத் தொடும் ஓசைகூடக் கேட்டது.

மிஷின்காரர்கள் தொடாத கிணற்றை அடியார்கள் வற்றடிக்கிறார்கள். கட்டில் போட்டுத் தடுக்கக்கூடிய எதிரி இல்லை இது. கோவிந்தா என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்கு முன் கட்டிலைப் போட்டால் அதையும் சுற்றி வந்து வணங்குவார்கள்.

அன்று மாலை என் தங்கை யாருக்கோ தொலைபேசியில் பேசினாள். அதிகாரிக்குத்தான். குரல் எனக்கு நன்றாகக் கேட்டது.

"மேடம், நான்தான், கட்டில்கார அம்மா. உங்க ரிசல்ட்டு வந்துச்சா? இன்னும் இல்லையா? சீக்கிரம் பாருங்கம்மா. இருந்தா இருக்குதுன்னு சொல்லிப் போட்டு வேலியப் போடுங்க. இல்லாட்டி இல்லன்னு வந்து சொல்லுங்க. எதுனா ஒண்ணு சொல்லுங்க. யாரு வந்தாலும் பரவால்ல, தொட்டியில எறங்காத ஆளா இருக்கணும்."

அதிகாரி வந்தார். ஆய்வு முடிய இன்னும் சில நாட்கள் பிடித்தன; வைகாசியில், ஒரு விடுமுறை நாளில், அரக்கோணத்திலிருந்து ரயில் பிடித்து, எங்களையும் வரச் சொல்லிவிட்டு, தோப்புக்கே வந்தார். இம்முறை மாலை எடுத்துச் செல்லக் கூடாது என்று கோஷ்டியில் ஒருமனதாக முடிவாகியிருந்தது. கார்டும் நானும் மட்டும் போனோம். அதே ஓட்டுநர்தான் வேன் ஓட்டினார். தங்கை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கட்டில் இன்னும் அந்தச் சுண்ணாம்புக் குறியின் மேலேதான் கிடந்தது.

"அம்மா, நல்லா பாத்துட்டோம். அருமண்ணு இல்ல. இருக்கறதும் எடுக்கற அளவுக்கு இல்ல. வெறும் வெள்ளக் களிமண்ணு. இனிமே இங்க ஓட்டையும் போட மாட்டோம், ஒண்ணும் போட மாட்டோம்" என்றார். சொல்லும்போது அவர் முகம் சற்று வாடித்தான் இருந்தது. நாட்டுக்கு வேண்டிய பொருளைத் தேடிக் காணாமல் திரும்புவதும் துக்கம்தானே.

தங்கை எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல" என்று அந்தச் சொல்லை ஒரு மந்திரம்போலத் திரும்பத் திரும்பச் சொன்னாள். எங்கள் வேதாந்திகள் பெரும்பாடுபட்டு அடைய முயலும் நிலையை அவள் ஒரு மண் பரிசோதனையின் முடிவில் அடைந்துவிட்டாள்.

"மேடம், அப்போ திருமண்?" என்று கார்டு தயங்கிக் கேட்டார்.

"சார், அதத்தான சொல்றேன். வெள்ளக் களிமண்ணு. நீங்க நெத்தியில இட்டுக்கறதும் அதான்."

கார்டு தம் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. மண்ணில் ஒன்றும் இல்லை என்பதற்காகத்தானே அதை அவன் திருவடி என்று சொல்லி நெற்றியில் தாங்குகிறோம். தங்கமாக இருந்தால் பெட்டியில் அல்லவா வைத்துப் பூட்டுவோம்.

தங்கை ஓட்டுநரைக் கூப்பிட்டாள். "வா நாயனா. அன்னிக்கு எடுத்தியே, அதே மாதிரி இன்னிக்கும் ஒண்ணு எடு. மேடம் பேசறத எடு. நாதஸ்வரம் போடாத." அதிகாரி குன்றின் முன் நின்று, இது பாசனத் தொட்டி என்றும், இந்த மண் சாதாரணக் களிமண் என்றும், இங்கே ஒன்றும் இல்லை என்பதை 'இக்கட ஏமீ லேது' என்றும் தெலுங்கில் சொன்னார். பிறகு அதையே தமிழிலும் சொன்னார். ஓட்டுநர் மனமில்லாமல் எடுத்தார்.

அந்தப் படத்தை யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை. ஒன்றும் இல்லை என்பதைப் பிறருக்கு அனுப்பிவைக்க எவருக்கும் ஆர்வம் வராது. சிலர், அரசாங்கம் எதையோ மறைக்கிறது என்று சொல்லி, கூடுதலாக ஒரு பை மண் எடுத்துப் போனார்கள். ஆனால் ஆய்வுக்கூடத்து முத்திரையோடு அதிகாரி ஒரு தகரப் பலகையும் அடித்து அனுப்பினார். அது தொட்டிக்கு மேலே தொங்கியது. என் பலகைக்குச் சந்தனம் வைத்தவர்கள் முத்திரைக்கு அஞ்சினார்கள். கூட்டம் குறைந்தது. அதற்குள் வேறோர் ஊரில் ஒரு வேப்பமரம் பால் வடிக்கத் தொடங்கியதாகப் படம் ஒன்று வந்தது. மிச்சம் இருந்தவர்களும் அங்கே போனார்கள். அந்த மரத்தின் உரிமையாளரை எண்ணிப் பெருமானிடம் விண்ணப்பம் செய்தேன்.

குழாய் இருமுவதை நிறுத்தியது. முழு மூச்சு வர ஆனி ஆயிற்று. பாதிக் காய்கள் போயின, பாதி தங்கின. தங்கிய பெங்களூராவைக் கூழ் ஆலைக்கு அனுப்பிவிட்டு, ஒரு கூடையை அரக்கோணத்துக்கும் ஒரு கூடையைக் கோஷ்டிக்கும் தங்கை கொடுத்தாள். எனக்கென்று தனியாக ஒரு பழத்தை எடுத்து வைத்து, "அ" என்று சொல்லிக் கையில் தந்தாள்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் முடிக்கக் கூடாது. அந்த வைகாசி நாளில், விடைபெறும்போது அதிகாரி என் காதைப் பார்த்துச் சிரித்தார்.

"ஐயா, உங்க மேட்டுல கெடைக்கல. ஆனா உங்க கிட்டயே கீது."

"என்ன?"

"அருமண்ணு. அந்த மிஷினுக்குள்ள, சத்தம் வர்ற எடத்துல, கடுகு மாதிரி ஒரு காந்தம் இருக்கும். அது இல்லாட்டி அவ்ளோ சின்னதுல பேச்சு கேக்காது."

ஆக, அருமண் என்ற சொல்லை எனக்குத் திருமண்ணாக மாற்றிக் கொடுத்ததே அருமண்தான். இதை எண்ணி வேனில் வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தேன். சித்தூர்ச் சாலையில் ஏறிய பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இந்தக் கடுகு எந்தக் குன்றிலிருந்து வந்தது? அந்தக் குன்றின் அடியிலும் ஒரு கிணறு இருந்திருக்கும். கட்டில் போட்டுப் படுத்த ஒருத்தியும் இருந்திருக்கலாம். அவளுக்குக் காது கேளாத அண்ணன் ஒருவன் மாலையோடு வந்து சேராமல் போயிருக்கலாம். அங்கே சோதனையின் முடிவு 'இருக்கிறது' என்று வந்திருக்கும். வந்திராவிட்டால் நான் இன்னும் பாகாலாவிலேயே நின்றுகொண்டிருப்பேன்.

அதற்காகக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டேன் என்று எழுதினால் கட்டுரை அழகாக முடியும். கழற்றவில்லை. காலைதோறும் நீராடி, தங்கையின் குன்றிலிருந்து வந்த ஒன்றுமில்லாத மண்ணை நெற்றியில் இடுகிறேன். பெயர் தெரியாத குன்றிலிருந்து வந்த விலையுயர்ந்த மண்ணைச் செவியில் பொருத்துகிறேன். கீழே இறங்கிப் போனால் மின்சார ஸ்கூட்டர்கள் வரிசையாக நிற்கின்றன. கார்டு தொடங்கிவைக்கிறார். முதல் பாசுரத்தை எங்கள் பெருமானுக்குச் சேவிக்கும்போது, அந்தத் தெரியாத குன்றின் அடியில் இருந்த கிணற்றையும் அவன் முன்னே வைக்கிறேன். அவன் வழக்கம்போல் ஒன்றும் சொல்வதில்லை.

இதைப் படிப்பவர்களும், படிக்கக் கேட்பவர்களும், கேட்டதை வேறொன்றாகப் புரிந்துகொண்டு பிறருக்குச் சொல்லப் போகிறவர்களும் நீடு வாழ்க. உங்கள் கிணறுகளில் ஊற்று திசை மாறாதிருக்கட்டும். உங்கள் இல்லங்களில் விளக்கு புகையின்றி எரியட்டும். அதன் ஒளி எவருடைய தொட்டியையும் வற்றடிக்காமல் வந்ததாக இருக்கட்டும். உங்களுக்கு வேண்டியவர்கள் உங்களை அழைத்துச் சொல்லும் துயரம், அதன் முதலெழுத்தோடு உங்கள் செவியில் வந்து சேரட்டும்.